படலை தாண்டிய நட்பு: யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவ விசுவாசம் பகிரப்பட்ட விதம்

1910 ஜூன் மாதம் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகள். பெரும்பாலோர் ஐரோப்பியரும் அமெரிக்கரும். கீழைத்தேசத் திருச்சபைகளிலிருந்து போனவர்கள் இருபது பேருக்குள் அடங்குவர். அவர்களில் ஒருவர் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. வயது 35. அவர் எழுந்து பேசியது அந்த மண்டபத்தில் பலருக்குக் கசந்தது. மிஷனரிமார் பொருளைக் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள், அதற்கு நன்றி உண்டு. ஆனால் எங்களைத் தங்கள் மேசையில் உட்கார வைத்ததில்லை, எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை, எசமானும் ஊழியனுமாகவே பழகினார்கள் என்றார். கடைசியாக, உங்களிடம் நாங்கள் கேட்பது நட்பைத்தான் என்று சொல்லி அமர்ந்தார்.

அந்த உரைக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1902இல், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராக அசரியா யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தார். இங்கே அவரை அசைத்தது ஒரு சிறு முயற்சி. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ இளைஞர்கள், வெளிநாட்டு மிஷன் எதையும் எதிர்பாராமல், தம் கைப்பணத்தைச் சேர்த்துக் கடலுக்கு அப்பால் இராமநாதபுரக் கரையில் உள்ள தொண்டிப் பக்கத்துக்கு ஊழியர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தமிழர் தமிழருக்குச் சொல்ல முடியும் என்றால் நாம் ஏன் சும்மா இருக்கிறோம் என்ற கேள்வியோடு அவர் திரும்பிப் போனார். 1903 பெப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அதன் வித்துகளில் ஒன்று யாழ்ப்பாணத்தில் கிடைத்தது.

ஆகவே, விசுவாசத்தை நட்பின் வழியாகப் பகிர்வது என்ற பேச்சு வரும்போது யாழ்ப்பாணத்தின் வரலாற்றைப் பார்ப்பது பொருத்தமானது. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் சிறிய குடாநாட்டில் அந்தப் பகிர்வு எல்லா விதமாகவும் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. ஆட்சி அதிகாரத்தால், வாதத்தால், கல்வியால், மருந்தால், பணத்தால், நட்பால். எது எதைக் கொண்டுவந்தது என்பதற்குச் சான்றுகளும் இருக்கின்றன.

அதிகாரத்திலிருந்து தொடங்கலாம். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை விரட்டி, தங்கள் சீர்திருத்தத் திருச்சபையை நிறுவினார்கள். அரசாங்க உத்தியோகத்துக்கும் விவாகப் பதிவுக்கும் சொத்துரிமைக்கும் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. ஞானஸ்நானமும் நடந்தது. பதினேழாம் நூற்றாண்டு முடியும் முன் யாழ்ப்பாணப் பகுதியில் லட்சத்துக்கு மேல் கிறிஸ்தவர் இருப்பதாக அவர்களுடைய கணக்கேடுகள் சொல்லின. பகலில் தோம்பு என்ற பதிவேட்டில் பெயர், இரவில் வீட்டின் உள்ளறையில் திருநீறு என்று சனம் இரண்டு வாழ்க்கை வாழ்ந்தது. 1806இல் குளோடியஸ் புக்கானன் என்ற ஆங்கிலிக்கன் குரு இங்கு வந்தபோது ஒல்லாந்தர் கட்டிய பெரிய கோயில்கள் பாழடைந்து கிடந்தன. தரங்கம்பாடி மிஷனில் சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற கிறிஸ்தியான் தாவீது என்ற தமிழ் உபதேசியார்தான் புரட்டஸ்தாந்து தரப்பில் குறிப்பிடத்தக்கவராக இருந்தார். ஏட்டில் இருந்த லட்சம் பேரும் ஏட்டோடு போய்விட்டார்கள்.

அதே ஒல்லாந்தர் காலத்தில்தான் இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்தது. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசே வாஸ் என்ற குரு கூலியாளின் உடையில் யாழ்ப்பாணத்துக் கரையில் இறங்கினார். கத்தோலிக்கக் குரு என்று தெரிந்தால் தண்டனை. யார் கத்தோலிக்கர் என்று அவருக்கும் தெரியாது. கழுத்தில் செபமாலை தெரிய, வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். மாலையைப் பார்த்ததும் முகம் மாறியவர்களை அடையாளம் கண்டுகொண்டார். பின்னர் சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தார்கள். இலங்கைக் கத்தோலிக்கத் திருச்சபை மறுபடி உயிர் பெற்றது அந்தப் பிச்சைக்காரக் குருவிடமிருந்துதான். 2015இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் கொடுக்கிறவராக வரவில்லை. சோறு கேட்டு வந்தார், தங்க இடம் கேட்டு வந்தார். அவரைக் காத்தவர்கள் அவரிடமிருந்து எந்த உத்தியோகத்தையும் எதிர்பார்த்திருக்க முடியாது, கிடைக்கக்கூடியது தண்டனைதான். ஒல்லாந்தர் ஏட்டில் எழுதிய பெயர்கள் மறைந்து, இவரை மறைத்து வைத்த வீடுகள் நிலைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தார்கள். தெல்லிப்பழையில் டானியேல் பூவர் குடியேறினார். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி. ஆரம்பத்தில் பையன்கள் மிஷன் வளவில் சமைத்த சோற்றைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்த சைவருடைய காணியில் சமையற்கூடம் கட்ட வேண்டியிருந்தது. கிணற்றுத் தண்ணீரிலும் தீட்டு. அதை முழுவதும் இறைத்துவிட்டால் சுத்தமாகும் என்று மாணவர் இறைக்கத் தொடங்கினர். ஊற்று விடாமல் சுரக்கவே, இறைத்த மட்டும் போதும் என்று அமைதி அடைந்தார்கள் என எமர்சன் டெனன்ட் என்பவர் 1850இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். மிஷனரிமார் இதில் விட்டுக்கொடுத்தது சிறிய காரியம் அல்ல. கூடப் பிறந்த பழக்கத்தை ஒரே நாளில் பிடுங்காமல் பொறுத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பொறுமையே சாதிக்கு இடம் கொடுத்தது என்ற குறையும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

பூவர் தமிழை ஆழமாகக் கற்றவர். பண்டிதர்களோடு வாதிடுவதில் அவருக்கு விருப்பம் இருந்தது. 1829 மார்ச்சில் நேர்ந்த சந்திர கிரகணம் அந்த வாதங்களில் பேர் போனது. பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியாரின் கணக்குக்கும் பூவரின் கணக்குக்கும் கிரகணம் தொடங்கும் நேரத்திலும் நீடிக்கும் அளவிலும் வேறுபாடு இருந்தது. அன்றிரவு ஊரே வானத்தைப் பார்த்தது. பூவர் சொன்னபடியே நடந்தது. மேலைக் கணிதத்துக்கு அது பெரிய வெற்றி. ஆனால் சந்திரனைச் சரியாகக் கணித்ததால் சிவனை விட்டு யாரும் கிறிஸ்துவிடம் வந்துவிடவில்லை. சாஸ்திரியார் தோற்றதைப் பார்த்தவர்கள் நல்ல கணிதம் படிக்கத் தம் பிள்ளைகளைச் செமினரிக்கு அனுப்பினார்கள். பிள்ளைகள் படித்தார்கள், ஆங்கிலம் பேசினார்கள், உத்தியோகத்துக்குப் போனார்கள். செமினரி கிறிஸ்தவர்களைவிட எழுதுவினைஞர்களையே அதிகம் உருவாக்குகிறது என்ற முறைப்பாட்டின் பேரில், அமெரிக்காவிலிருந்து ரூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த குழுவின் முடிவுப்படி, 1855இல் அது மூடப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில் பூவர் மானிப்பாயில் வாந்திபேதி கண்டு இறந்தார். அவரை நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்த மண்ணிலேயே உயிரை விட்டவர். ஆனால் அவர் வென்ற வாதமும் அவர் வாழ்ந்த வாழ்வும் ஒரே வேலையைச் செய்யவில்லை.

யாழ்ப்பாணத்து வரலாற்றில் இந்தப் பொருளுக்கு மிக நெருங்கிய உதாரணம் பீற்றர் பேர்சிவலும் ஆறுமுக நாவலரும். இருவருடைய பெயரையும் சேர்த்துச் சொன்னால் நம்மவர் உடனே விவிலிய மொழிபெயர்ப்பைச் சொல்வார்கள், அதோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குள் இருந்த உறவைப் பேசுவது குறைவு.

பேர்சிவல் வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்தவர். 1826இல் இலங்கைக்கு வந்தவர். அவருடைய பள்ளி பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி ஆயிற்று. நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுகம் அங்கே ஆங்கிலம் கற்க வந்தார். பையனுடைய தமிழறிவைக் கண்ட பேர்சிவல் அவரையே தம் தமிழ்ப் பண்டிதராக வைத்துக்கொண்டார். 1841 முதல் 1848 வரை நீடித்த தொடர்பு அது. நெற்றி நிறையத் திருநீறோடு நாவலர் உட்கார்ந்து வேதாகமத்தை வரி வரியாகத் தமிழாக்க உதவினார். சைவ அனுட்டானத்தை விடும்படி அவரை யாரும் வற்புறுத்தியதாகத் தெரியவில்லை. மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுபோனபோது, அங்கே தமிழறிஞர் மழவை மகாலிங்கையர் பார்த்து ஏற்றுக்கொண்டார் என்று நாவலரின் சரித்திரம் எழுதியவர்கள் சொல்வார்கள். 1850இல் அது அச்சேறியது. தமிழ்நாட்டுப் புரட்டஸ்தாந்துகளுக்குப் பப்ரிஷியஸ் ஐயரின் பழைய மொழிபெயர்ப்பே காதுக்குப் பழகியிருந்ததால் இதை அவர்கள் ஏற்கவில்லை. அந்தக் கதை வேறு.

நாவலர் என்ன செய்தார்? 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். 1848இல் பேர்சிவலிடமிருந்து விலகிச் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் திறந்தார். 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதினார். சைவத்தைப் பழித்த மிஷனரிமாருக்கு அவர்களுடைய வேதாகமத்தையே எடுத்துக்காட்டிப் பதில் சொன்ன நூல் அது. ஆலயம், பலி, தீபம், தூபம் எல்லாம் யூதருடைய வழிபாட்டிலும் இருந்தனவே என்று கேட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் வேதாகமத்தை இவ்வளவு நெருங்கி வாசித்த வேறொருவரைக் காட்டுவது கடினம். பள்ளிக்கூடம், அச்சியந்திரம், பாலபாடம், எளிய உரைநடை, பிரசங்கம் என்று மிஷனரிமாரிடம் கண்ட கருவிகளை எடுத்துச் சைவத்துக்குப் பயன்படுத்தியவரும் அவரே.

கிறிஸ்தவ ஊழியத்தின் கணக்கில் இது தோல்வி என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஏழு ஆண்டு கூட வைத்திருந்தும் ஒருவரை மாற்ற முடியவில்லை. போதாக்குறைக்கு எதிராளியை உருவாக்கிவிட்டார் என்பது அவர்களுடைய வாதம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நட்பு உண்மையா என்பதற்கு ஒரு சோதனை உண்டு: மற்றவர் ‘இல்லை’ என்று சொன்ன பிறகு என்ன நடக்கிறது? பேர்சிவல் நாவலரின் சமயத்தைச் சம்பளத்தோடு கட்டவில்லை. தமக்குத் தமிழ் சொல்லித்தந்தவராகவே அவரை மதித்தார். கற்பிக்க வந்த வெள்ளைக்காரர் இருபது வயதுத் தமிழனிடம் மாணவனாக உட்கார்ந்திருந்தார் என்பதை நாம் எளிதில் கடந்துபோகிறோம். பேர்சிவல் யாழ்ப்பாணத்தில் தொகுக்கத் தொடங்கிய தமிழ்ப் பழமொழித் தொகுதி 1874இல் 6,000க்கு மேற்பட்ட பழமொழிகளோடு வெளிவந்தது. ஒரு மொழியின் பழமொழிகளை அத்தனை பேரிடமிருந்து கேட்டு எழுத வேண்டுமானால் ஊரோடு உட்கார்ந்து பேச வேண்டும், கேட்கத் தெரிய வேண்டும்.

பேர்சிவல் பின்னர் சென்னைக்குப் போனார். 1855இல் ‘தினவர்த்தமானி’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்கச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையை அழைத்தார். தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். மிஷன் வைத்த கிங்ஸ்பெரி என்ற பெயரோடு வளர்ந்தவர் பின்னர் சைவத்துக்குத் திரும்பினார். தொல்காப்பியமும் கலித்தொகையும் அச்சில் வர உழைத்தார். 1868இல் அவர் வெளியிட்ட தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைப் பரிசோதித்துக் கொடுத்தவர் நாவலர். தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரமோ கிறிஸ்தவரானார், பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்ற பெயரில் போதகரானார். ஆனால் 1921இல் ஜி. ஈ. பிலிப்சோடு சேர்ந்து அவர் வெளியிட்டது நாயன்மார் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு. தகப்பன் மிஷனிலிருந்து சைவத்துக்கு, மகன் சைவத்திலிருந்து சபைக்கு, அந்தச் சபையில் இருந்துகொண்டே தேவாரத்தை உலகுக்குத் திறந்து காட்டினார். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இது புதினம் அல்ல. ஒரே வளவில் அண்ணன் வீட்டில் கந்தசஷ்டி விரதமும் தம்பி வீட்டில் குடும்ப ஜெபமும் நடப்பதும், செத்தவீட்டில் வேதக்காரரும் சைவரும் ஒருவர் பாடையை ஒருவர் தூக்குவதும் இன்றும் உண்டு. விசுவாசம் இங்கே பெரும்பாலும் உறவின் ஒழுங்கை வழியாகத்தான் வந்தும் போயும் இருக்கிறது.

மானிப்பாய் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இன்னொரு வகை. 1847இல் வந்தார். ஆங்கிலத்தில் படித்த மருத்துவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், கிராமத்துக்கு யாரும் மிஞ்சுவதில்லை என்று கண்டு, தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பிக்க முடிவு செய்தார். உடற்கூறு, இரண வைத்தியம், மருத்துவச்சித்தொழில் என்று பெரிய நூல்களைத் தம் மாணவரோடு சேர்ந்து தமிழாக்கினார், கலைச்சொற்களை ஆக்கினார். அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்களைப் பயிற்றினார். அவர்கள் ஐரோப்பிய உடைக்கு மாறுவதை அவர் விரும்பவில்லை. தமிழனாக இருந்துகொண்டே கிறிஸ்தவனாக இருக்க முடியும் என்பது அவருடைய உறுதி.

கிறீனிடம் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. மருந்துக்குக் காத்திருந்த நோயாளிகளுக்கு முதலில் வேத வாசிப்பும் ஜெபமும் நடக்கும். வலியோடு உட்கார்ந்திருப்பவனுக்கு எழுந்து போக வழி ஏது? நல்லெண்ணத்தோடு செய்ததுதான். ஆனாலும் தேவைப்படுகிறவனிடம் பேசுவதற்கும் நண்பனிடம் பேசுவதற்கும் இடையில் உள்ள தூரம் அங்கே தெரிகிறது. நண்பன் பேச்சை மாற்றலாம், எழுந்து போகலாம், மறுநாள் வந்து சண்டை பிடிக்கலாம். நோயாளிக்கு அந்த உரிமை இல்லை. இதே கிறீன் தம் மாணவரோடு மேசையில் குனிந்து ஒரு எலும்புக்குத் தமிழ்ப் பெயர் தேடிய வேளைகளில் அந்தத் தூரம் குறைந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

இனி அசரியா சொன்ன மேசைக்கு வரவேண்டும். அவர் வெள்ளையரைக் கேட்ட கேள்வியை யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் தங்களையும் கேட்டிருக்க வேண்டும். சபைகளில் பெரும்பான்மையும் தலைமையும் வேளாளரிடம் இருந்தன. கர்த்தருடைய பந்தியில் ஒரே பாத்திரத்தில் குடிப்பது சாதிக்குப் பெரும் சோதனையாயிற்று. ஞானஸ்நானம் பெற்ற பிறகும் பலருக்குச் சாதி வாசற்படியில் கழன்றுவிடவில்லை. 1920களின் கடைசியில் அரச உதவி பெறும் பள்ளிகளில் எல்லா மாணவரும் ஒரே வரிசை வாங்கில் இருக்க வேண்டும் என்ற விதி வந்தபோது குடாநாடு கொந்தளித்தது. பள்ளிக் கொட்டில்கள் எரிந்தன. சம ஆசனம், சம போசனம் என்று அந்த நாட்களில் பேசப்பட்டதன் பக்கம் நின்ற கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். 1924இல் யாழ்ப்பாணக் கல்லூரியைச் சுற்றி எழுந்த மாணவர் காங்கிரசில் சைவ, கிறிஸ்தவ இளைஞர்கள் சேர்ந்தே இதைப் பேசினார்கள். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் அவர்களே. ஆனால் வாயடைத்திருந்த கிறிஸ்தவர்களே அவர்களைவிட அதிகம். நம் வீட்டுக் குசினிக்குள் நாம் விடாத ஒருவரிடம் கிறிஸ்துவின் அன்பைச் சொன்னால், அவர் அதை எப்படி நம்புவார்?

அசரியாவின் குரலுக்கு நடைமுறையில் கிடைத்த பதில்களில் ஒன்று ஆச்சிரமம். சவரிராயன் ஜேசுதாசன் என்ற தமிழரும் ஏர்னஸ்ட் பொரெஸ்டர் பேட்டன் என்ற ஸ்கொட்லாந்தியரும் மருத்துவர்கள், நண்பர்கள். 1921இல் வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். கதருடுத்து, ஒரே சோறு உண்டு, ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள். ஆளும் இனத்தவர் ஒருவரும் ஆளப்படும் இனத்தவர் ஒருவரும் சமமாகக் குடியிருப்பதே அன்று ஒரு பிரசங்கம். அதே வழியில் 1939இல் சுன்னாகத்தை அடுத்த மருதனார்மடத்தில் கிறிஸ்து சேவா ஆச்சிரமம் எழுந்தது. அதை நிறுவியவர் சேவக் செல்வரத்தினம். பங்களாவையும் மணிக்கூண்டையும் மட்டுமே கிறிஸ்தவம் என்று கண்டிருந்த ஊருக்கு, அயலாரைப் போல வாழும் கிறிஸ்தவம் அங்கே காட்டப்பட்டது.

தெல்லிப்பழையில் 1908இல் பிறந்த டி. தி. நைல்ஸ் இந்தச் சிந்தனையை உலகத் திருச்சபையின் பேச்சாக்கியவர். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் முதன்முதல் கூடியபோது தொடக்கப் பிரசங்கம் செய்தவர்களில் ஒருவர். நற்செய்தி சொல்வதை அவர், பசித்த ஒரு பிச்சைக்காரன் உணவு கிடைக்கும் இடத்தை இன்னொரு பிச்சைக்காரனுக்குக் காட்டுவதாகவே கண்டார். அவருடைய பேச்சில் கொடுக்கிறவன் மேலே நிற்பதில்லை. இருவரும் ஒரே பசியில் நிற்கிறார்கள். சில்லாலைக்கு வந்த யோசே வாஸ் அதை வாழ்ந்து காட்டியிருந்தார்.

நைல்சின் இன்னொரு அனுபவமும் முக்கியமானது. 1935இல் சுவிட்சர்லாந்தின் பெரும் இறையியலாளர் கார்ல் பார்த்தைச் சந்தித்தார். மற்றச் சமயங்கள் எல்லாம் அவிசுவாசமே என்று பார்த் சொன்னார். நீங்கள் எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று நைல்ஸ் கேட்டார். ஒருவரையும் இல்லை என்று பதில். அப்படியானால் இந்து சமயம் அவிசுவாசம் என்று எப்படித் தெரியும்? அனுபவத்துக்கு முன்பே தெரிந்த முடிவு என்றார் பார்த். நைல்ஸ் தலையை ஆட்டிப் புன்னகைத்தார் என்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார். கிறிஸ்துவைப் பற்றிய தம் உறுதியை நைல்ஸ் எந்த இடத்திலும் தளர்த்தவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுச் சைவரின் பக்தியைக் கண்ணால் பார்த்து வளர்ந்த ஒருவரால், பாராமலே தீர்ப்பெழுத முடியவில்லை.

அவருடைய காலத்தவரான சபாபதி குலேந்திரன் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு முதல் பேராயரானார். 1964இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல், அருள் என்ற கருத்தைக் கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் ஒப்பிட்டு ஆராய்வது. சைவ சித்தாந்தத்தை அதன் மூல நூல்களில் வாசித்து, எங்கே ஒத்துப்போகிறோம், எங்கே பிரிகிறோம் என்று நேர்மையாக எழுதினார். பிரியும் இடத்தை மறைத்து எல்லாம் ஒன்றே என்று சொல்லிவிடுவது எளிது. அது நட்புக்கு மரியாதை ஆகாது. நண்பனின் நம்பிக்கையை அவன் ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் தன் நம்பிக்கையைச் சொல்லும் தகுதி வருகிறது. குலேந்திரன் அந்தத் தகுதியைத் தேடிப் பெற்றார்.

சேர்ந்து வேலை செய்வதால் வளரும் நட்பும் இருக்கிறது. 1930களில் கே. எம். செல்லப்பா தொடங்கிய சிறு நூல்நிலையம் யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. அதைப் பெரிய கட்டடமாக்க உழைத்தவர்களில் முன்நின்றவர் சம்பத்திரிசியார் கல்லூரி அதிபர், அயர்லாந்துக்காரர், லோங் அடிகளார். அவர் பணம் திரட்டினார், நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதனின் ஆலோசனை பெறப்பட்டது. கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1981இல் அது எரிந்தபோது தீயைப் பார்த்த அதிர்ச்சியில் இறந்தவர் பன்மொழி அறிஞரான கத்தோலிக்கக் குரு தாவீது அடிகள். அந்த வளவில் சரஸ்வதி சிலையும் லோங் அடிகளார் சிலையும் இருப்பதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

இப்போது நிலைமை கடினமாகியிருக்கிறது. 2009இல் போர் முடிந்த பின் குடாநாட்டிலும் வன்னியிலும் சிறிய சபைகள் பல எழுந்தன. அவற்றில் பலவற்றின் போதகர்கள் உண்மையான ஊழியர்கள். தாங்களும் இடம்பெயர்ந்து, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள். ஆனால் வீட்டுத்திட்டம், தையல் இயந்திரம், பிள்ளையின் படிப்புச் செலவு ஆகியவற்றோடு ஆராதனைக்கு வருவதும் சேர்த்துக் கேட்கப்படுகிறது என்ற மனக்குறை சைவரிடம் உண்டு. சில இடங்களில் அயல்வீட்டுச் சாமிப்படங்களைப் பேய் என்று பேசியதும் நடந்திருக்கிறது. இதற்கு எதிர்வினையாக 2016இல் சிவசேனை என்ற அமைப்பு எழுந்து மதமாற்றத்துக்கு எதிராகப் போராடி வருகிறது. நாட்டு அளவில் 2004இல் ஜாதிக ஹெல உறுமய என்ற கட்சி கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் கண்டதால் அது சட்டமாகவில்லை. அதே உயர் நீதிமன்றம் அதற்கு முந்திய ஆண்டு கத்தோலிக்கக் கன்னியர் சபை ஒன்றின் வழக்கில், சமயத்தைக் கைக்கொள்ளும் உரிமை உண்டு, பரப்பும் உரிமை அரசியலமைப்பில் சொல்லப்படவில்லை என்று தீர்ப்பளித்தது.

இப்படிப்பட்ட தடைச் சட்ட முயற்சிகளை நான் ஆதரிக்கவில்லை. ஒருவர் தாம் நம்புவதைச் சொல்லவும் மற்றவர் கேட்டு மனம் மாறவும் உள்ள சுதந்திரத்தைப் பொலிசாரிடம் ஒப்படைத்தால், நாளை அது சைவருடைய பிரசங்கத்தையும் தொடும். சிறுபான்மையினரான நாம், சைவரும் கிறிஸ்தவரும், இதை மறக்கக் கூடாது. அதே வேளையில் சைவரின் கோபத்தைக் காழ்ப்பு என்று தள்ளிவிட்டுப் போவதும் தவறு. ஒல்லாந்தர் தோம்பில் பெயர் எழுதியது உத்தியோகத்துக்காக; இன்று பெயர் எழுதுவது தையல் இயந்திரத்துக்காக என்றால் முடிவும் அதுவாகவே இருக்கும்.

ஆகவே சபைகளில் உள்ள சகோதர சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உதவியையும் அழைப்பையும் வேறு வேறு நாளில், முடிந்தால் வேறு வேறு ஆட்களின் கையால் கொடுங்கள். நற்செய்தியைச் சொல்ல விரும்பும் வீட்டுக்கு முதலில் எதையும் கொண்டுபோகாமல் போங்கள். அவர்கள் தரும் தேத்தண்ணியை வாங்கிக் குடியுங்கள். பொங்கலுக்குக் கூப்பிட்டால் போய் இருங்கள். அவர்களுடைய தேவாரம் அவர்களுக்கு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பிறகு கிறிஸ்து உங்களுக்கு என்ன செய்தார் என்று மறைக்காமல் சொல்லுங்கள், வெட்கப்படாமல் சொல்லுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அடுத்த கிழமையும் அதே படலையைத் திறந்து உள்ளே போங்கள்.

சைவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்படி வருகிறவரை உட்கார வைத்துக் கேளுங்கள். உங்கள் பதிலையும், நாவலர் சொன்னதுபோல, முழுமையாகச் சொல்லுங்கள்.